ஐந்தாம் இடத்துத் தண்ணீர்

அருமைநாயகம் என்று பெயர் சொல்லிக் கேட்டால் காத்தான்குடிக் கரையில் யாருக்கும் தெரியாது. போத்தல்காரர் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். மாதத்தின் முதல் புதன்கிழமை கண்ணாடிப் போத்தல்கள் அடுக்கிய மரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, படகோட்டி முனாப்பின் படகில் அவர் போவதை இருபது வருசமாகப் பார்த்த கரை அது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் அந்த நீருக்கு வாவி என்று பெயர். ஊர் வாயில் அது என்றைக்கும் ஆறுதான்.

அவருடைய வேலையைப் பற்றி ஊருக்கு ஒரு இளக்காரம் உண்டு. "தண்ணி அள்ளுறதுக்கும் கவுண்மேந்தில சம்பளமா கா?" என்று துறையில் நிற்பவர்கள் கேட்பார்கள். "நீ சும்மா அள்ளுறாய், நான் கேட்டு அள்ளுறன்" என்பார் அவர். நையாண்டிக்கு நையாண்டியாகச் சொன்னாலும் அதில் உண்மை இருந்தது. நகரத்தில் இருந்த சின்ன ஆய்வுகூடம் ஒன்று மாதாமாதம் ஆற்றிடம் இரண்டு கேள்வி கேட்டது. இந்தத் தண்ணீரில் மனிதர் இறங்கிக் குளிக்கலாமா? இந்தத் தண்ணீரில் மீனுக்கு மூச்சு விட முடியுமா? கிருமி எத்தனை, உப்பு எவ்வளவு, கரைந்த காற்று எவ்வளவு என்று பார்த்துப் பதில் சொல்ல அங்கே படித்தவர்கள் இருந்தார்கள். போத்தலை நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க அருமைநாயகம் இருந்தார்.

போத்தல் நிரப்புவது ஒரு வேலையா என்று கேட்பவர்கள் ஒருநாள் அவரோடு படகில் போயிருக்க வேண்டும். கிருமி பார்க்கும் போத்தல் அவித்து மூடி வரும். அதை ஆற்றில் அலசக்கூடாது. கழுத்தைக் கீழே பிடித்து, முழங்கை நனையும்வரை கையை இறக்கி, உள்ளேயே வைத்து வாயை ஓட்டத்துக்கு எதிரே திருப்ப வேண்டும். காற்று அளக்கும் போத்தலில் ஒரு குமிழிகூட நிற்கக்கூடாது. கை நனையாமல் எடுப்பதற்கு ஆய்வுகூடம் ஒரு நீளக் கழியும் கொடுத்திருந்தது. அதன் நுனியில் போத்தலைச் செருகும் கொளுக்கி இருந்தது. அருமைநாயகம் அதைத் தொட்டதே இல்லை. கையால் எடுத்தால்தான் ஆறு எப்படி இருக்கிறது என்று தெரியும் என்பார். அந்தக் கழி படகின் ஓரத்தில் கிடந்து வெயிலில் வெளுத்தது.

அவர் மண்டூரில் ஒரு வேளாண்மைக்காரரின் நாலாவது மகன். நாலு பேருக்குப் பிரிக்க வயல்வட்டையில் நிலம் போதாது என்று தகப்பன் அவரைப் படிக்கச் சொன்னார். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. ஆய்வுகூடத்தில் கூலியாளாகச் சேர்ந்து, கூட்டித் துடைத்து, போத்தல் கழுவி, கடைசியில் மாதிரி எடுப்பவர் ஆனார். குருக்கள்மடத்துப் புஸ்பத்தைக் கட்டி அங்கேயே குடியேறினார். பதினொரு வருசம் பிள்ளை இல்லை. வருசா வருசம் மண்டூர் முருகனிடம் போய்க் கண்ணீர் விட்டுக் கேட்டுத்தான் சிவதர்ஷன் கிடைத்தான். ஒரே பிள்ளை, அதுவும் தவமிருந்து பெற்ற பிள்ளை என்றால் எப்படி வளர்த்திருப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? ஏழு வயது வரைக்கும் அவனுக்குப் பிட்டைப் பிசைந்து தாய்தான் ஊட்டினாள். சீனியும் தேங்காய்ப்பூவும் நிறையப் போட்டால்தான் வாய் திறப்பான்.

சண்டை நடந்த அந்தக் காலத்தில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் எழுவான்கரையில் ஆமியின் ஆட்சி, அந்தப் பக்கம் படுவான்கரையில் இயக்கத்தின் ஆட்சி. இரண்டு பக்கத்தாரும் அருமைநாயகத்தின் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். உள்ளே வெறும் தண்ணீர் என்று கண்டதும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். ஆற்றில் மிதக்கக் கூடாதவை மிதந்த வருசங்களையும் அவர் பார்த்தவர். அப்போதும் போத்தலைச் சரியாகவே நிரப்பினார். உண்மையை மட்டும் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோகிற ஒரு ஆள் இந்த ஊரில் இருந்தால் அது தான்தான் என்று அவருக்குள் ஒரு சின்னத் தலைக்கனம் இருந்தது.

எடுக்கும் இடங்கள் ஐந்து. குருக்கள்மடத்துப் பின்கரை, காத்தான்குடிக் கரை, நகரத்துறை, பாலத்தடி. கடைசி இடம் பாலத்தைத் தாண்டிக் கண்ணாமுனை. ஒருபுறம் கடலும் மறுபுறம் ஆறுமாக நடுவில் கிடந்த மணல் துண்டில் நாற்பது வீடுகள். வீடுகளுக்குப் பின்னால் கண்ணா மரங்கள் வேரைத் தண்ணீரில் ஊன்றி நிற்கும் ஒரு வளைவு. ஐந்து இடத்திலும் அதுதான் நல்ல தண்ணீர். புஸ்பத்தின் தங்கை அஜந்தா அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். "குளிக்கிறதெண்டா அஞ்சாம் இடத்திலதான் குளிக்கோணும். நான் சோதிச்சுச் சொல்லுறன்" என்று அருமைநாயகம் வீட்டில் அடிக்கடி சொல்வார். அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளை, லீவு விட்டால் சித்தி வீட்டுக்குப் போகவேண்டும் என்று நிற்பான்.

இரண்டாயிரத்து நாலு மார்கழி லீவுக்கும் போனான். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. வெள்ளிக்கிழமை தகப்பன்தான் பஸ்ஸில் கொண்டுபோய் விட்டார். "கடல் பக்கம் போகாத மனே. பின்பக்கம் ஆத்தில குளி" என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் வந்தது. கண்ணாமுனையின் ஒரு பக்கத்தால் ஏறி, நாற்பது வீட்டையும் வாரிக்கொண்டு மறுபக்கத்தால் ஆற்றில் இறங்கியது. குருக்கள்மடத்தில் அருமைநாயகத்தின் வீடு றோட்டுக்கு ஆற்றுப் பக்கம் இருந்தபடியால் தண்ணீர் முற்றத்தோடு நின்றுவிட்டது. புருசனும் பெண்சாதியும் தப்பினார்கள். தப்பியதை நினைத்து அவர்கள் ஒருநாளும் கடவுளுக்கு நன்றி சொன்னதில்லை.

முனாப்பும் அருமைநாயகமும் பதினொரு நாள் தேடினார்கள். முனாப்புக்கும் காத்தான்குடியில் சொந்தக்காரர் இருவர் போயிருந்தார்கள். அவர்களை அடக்கிவிட்டு நேரே படகை எடுத்துக்கொண்டு வந்தவன் அவன். மூன்றாம் நாள் அஜந்தா கிடைத்தாள். ஐந்தாம் நாள் அவளுடைய புருசன். கண்ணா வேர்களுக்குள் கை விட்டுக் கை விட்டு அருமைநாயகம் யார் யாரையோ எடுத்தார். யாருடைய பிள்ளைகளையோ எடுத்தார். சிவதர்ஷன் மட்டும் கிடைக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் முனாப் படகோடு வந்து துறையில் காத்து நின்றான். இவர் வீட்டை விட்டு வரவில்லை.

புஸ்பம் கிரியை செய்ய விடவில்லை. முப்பத்தோராம் நாளும் வந்து போனது. "உடம்பக் காணாம என்ன கிரியை செய்யிற? அவன் ஆத்துக்குள்ள கிடக்கிறான். அவ்வளவுதான்" என்றாள்.

மாசி மாதத்தில் ஆய்வுகூடம் திரும்பவும் திறந்தது. ஊரில் ஒருவரும் ஆற்று மீன் தின்னாத காலம் அது. பிணம் தின்ற மீன் என்று சொல்லிக் காறித் துப்பினார்கள். மீன்பிடிகாரர் வலையைக் காயப்போட்டுவிட்டுக் கரையில் குந்தியிருந்தார்கள். தண்ணீர் எப்படி இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டியிருந்தது. அருமைநாயகம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படகில் ஏறினார். அன்று காலையில் புஸ்பம் வாழையிலையில் ஒரு சின்னப் பொட்டலம் கட்டி அவர் கையில் வைத்தாள். இலை சுட்டது.

"பிட்டு. சீனி போட்டிருக்கன். அங்க போட்டுட்டு வாங்க" என்றாள்.

முதல் மூன்று இடத்திலும் கை பழகியபடி வேலை செய்தது. பாலத்தடியில் நாலாவது போத்தலை நிரப்பி மூடினார். முனாப் படகை வடக்கே திருப்பினான். கண்ணாமுனையின் மொட்டை மணல் தூரத்தில் தெரிந்தது.

"நிப்பாட்டு" என்றார்.

முனாப் இயந்திரத்தை நிறுத்தினான். படகு பாலத்தின் நிழலிலேயே ஆடிக்கொண்டு நின்றது. அருமைநாயகம் ஐந்தாவது போத்தலை எடுத்து, மூடியைத் திறந்து, அந்த இடத்திலேயே கையை இறக்கினார். முனாப்புக்கு விளங்கியது.

"அண்ணே, வேணுமெண்டா நீங்க இறங்கி நில்லுங்க. நான் போய் நிரப்பிட்டு வாறன்."

"வேணாம்."

"இல்லாட்டி ஆமிக்காரன் பாலத்துக்கு அங்கால விடல்ல எண்டு எழுதுங்க. வெறுமையா விட்டா ஒருத்தரும் கேட்கமாட்டாங்க."

"என்ட பிள்ள கிடக்கிற தண்ணிய அவங்க சோதிக்கப் போறாங்க முனாப். ஊத்தை எண்டு வந்தா அதை ஒரு கடதாசியில எழுதி என்ட கையில தருவாங்க. எனக்கு ஏலாது."

பிட்டுப் பொட்டலத்தை அருமைநாயகம் அவிழ்த்துப் பாலத்தடியிலேயே போட்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். அடுத்த மாதம் மனம் தேறிப் போயிருக்கலாம். ஆனால் அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது புஸ்பம் குளித்து முழுகி, வாசலில் நின்றாள். இரண்டு மாதமாக வாரிக் கட்டாத தலையைக் கட்டியிருந்தாள்.

"அங்க தண்ணி எப்படி?" என்று கேட்டாள்.

"தெளிவாக் கிடக்கு" என்றார்.

"மீன் ஓடுதா?"

"ஓடுது. கொக்கும் நிண்டது. ரெண்டு கொக்கு."

அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்து, அவர் முன்னால் தானும் இருந்து தின்றாள். கடல் வந்த நாளுக்குப் பிறகு அவள் ஒரு கோப்பைச் சோற்றை முழுதாகத் தின்றது அன்றைக்குத்தான். அதைப் பார்த்த மனுசன் அடுத்த மாதம் எப்படி உண்மையைச் சொல்வார்?

மாதத்தின் முதல் புதன் அந்த வீட்டில் ஒரு விரதம்போல ஆகிவிட்டது. காலையில் பிட்டு. பின்னேரம் அதே கேள்வி. அவரும் மாதத்துக்கு ஒரு புதுச் சங்கதி கண்டுபிடித்தார். கண்ணா மரம் திரும்பவும் துளிர் விட்டிருக்கிறது என்றார். இறால் குஞ்சு வேருக்குள் ஓடுகிறது என்றார். பாலத்தடியில் பார்த்ததைக் கொண்டுபோய் ஐந்தாம் இடத்தில் வைத்தார். புஸ்பம் ஆற்று மீனை அதன் பிறகு வாயில் வைக்கவில்லை. ஆனால் ஆற்றில் மீன் ஓடுகிறது என்று கேட்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது.

சண்டை திரும்பவும் மூண்டது. படுவான்கரையில் ஷெல் குண்டு விழுந்தது, சனம் மூட்டை முடிச்சோடு ஆற்றைக் கடந்து வந்தது. அந்த மாதங்களில் பாலத்துக்கு அப்பால் படகு விட மெய்யாகவே அனுமதி இல்லை. அப்போதும் ஐந்தாம் போத்தல் நிரம்பித்தான் வந்தது. ஆய்வுகூடத்தில் இருந்தவர்கள் அதை அவருடைய கடமையுணர்ச்சி என்று மெச்சினார்கள். முனாப் மட்டும் ஒவ்வொரு மாதமும் பாலத்தடியில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தான்.

இரண்டாயிரத்து ஒன்பதில் சண்டை முடிந்தது. காவலரண்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் கடல் பார்க்க வந்தது. கண்ணாமுனையிலும் பதினைந்து குடும்பம் திரும்பி வந்து வீடு கட்டியது. அதற்கு அப்பால் ஒரு விடுதியும் எழும்பியது.

அந்த வருசக் கடைசியில் ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வந்த இரசாயனவியலாளர் வதனி, அருமைநாயகத்தைக் கூப்பிட்டு ஒரு பதிவுக் கோப்பைக் காட்டினாள். பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கப் போகிறார்களாம். கடல் வந்தபோது நீந்தத் தெரியாமல் போன பிள்ளைகளை நினைத்து எடுத்த முடிவு. ஆற்றில் ஒரு இடத்தைத் தெரிந்து, படி கட்டி, தைப்பொங்கல் கழியத் தொடங்குகிறார்கள். எந்த இடம் என்று ஆய்வுகூடம் சொல்ல வேண்டும்.

"அஞ்சு வருசப் பதிவையும் பாத்திட்டன், நாயகம் அண்ணன். நாலாம் இடமும் அஞ்சாம் இடமும் எப்பவும் ஒரே மாதிரி நல்லா வருது. பாலத்தடியில படகு போக்குவரத்து. அதால கண்ணாமுனைக்குத்தான் எழுதியிருக்கிறன்" என்றாள்.

பாலத்தடித் தண்ணீர் ஓடுகிற தண்ணீர். கண்ணாமுனை வளைவு அப்படி அல்ல. ஆற்றுவாயை மணல் மூடினால் அங்கே தண்ணீர் நகராது. கடல் வந்துபோன பிறகு மணல் எப்படித் திரும்பியிருக்கிறது, ஆழம் எவ்வளவு, ஒன்றும் அவருக்குத் தெரியாது. தெரிந்ததாகக் கிட்டத்தட்ட அறுபது தடவை எழுதிக் கொடுத்திருந்தார்.

"என்ன அண்ணன், சரிதானே?"

"சரி மிஸ்" என்றார். வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

மார்கழி முடிவதற்குள் படி கட்டியாயிற்று. 'குளிக்க உகந்த இடம்' என்று மூன்று மொழியில் பலகையும் எழுதியாயிற்று. ஒருநாள் முனாப் ஆய்வுகூடத்து வாசலுக்கே வந்து அவரை வெளியே கூப்பிட்டான். அங்கே அவன் அதுவரை வந்ததில்லை.

"அண்ணே, கண்ணாமுனையில வலை போடுற பொடியன்மார்ட கையெல்லாம் கடி, சொறி. மீன் செத்து மிதக்குது. அந்த விடுதிக்காரன் கக்கூசுக் குழாயக் கண்ணாவுக்குள்ளால ஆத்தில விட்டிரிக்கான். ஆத்துவாயும் மூடிக் கிடக்கு. எல்லாம் அந்த வளைவுக்குள்ளயே நிக்குது."

அருமைநாயகம் ஆய்வுகூடத்துக் கதவை இழுத்துச் சாத்தினார்.

"நீச்சல் பழகுற புள்ளைகள்ட லிஸ்ட்டில என்ட அம்ஜத் இரிக்கான். எட்டு வயசு. அவனை நான் மறிச்சிருவன். மத்தப் புள்ளைகள ஆரண்ணே மறிக்கிற? பலகையப் பாத்திட்டு எல்லாரும் இறங்குவாங்க."

"புஸ்பத்துக்கு நான் என்னத்தச் சொல்லுற முனாப்? நல்ல தண்ணி எண்டு சொல்லிச் சொல்லித்தான் அவளை உசிரோட வச்சிரிக்கன்."

"மௌத்தான புள்ளைக்காக அஞ்சு வருசம் நானும் வாயப் பொத்திட்டு இருந்தன். உசிரோட இருக்கிற புள்ளைகளுக்கு இனி ஏலாண்ணே. நீங்க சொல்லாட்டி நான் சொல்லுவன்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லும்போது முனாப்பின் கண் நிறைந்திருந்தது. மண்டூர்க் கோயிலில் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்வார்கள். சாமிக்காகக் கட்டிய வாய் அது. தான் யாருக்காக வாயைக் கட்டிக்கொண்டோம் என்று அருமைநாயகம் அன்று முழுக்க யோசித்தார். மகனுக்காக என்று சொல்லிப் பார்த்தார், புஸ்பத்துக்காக என்று சொல்லிப் பார்த்தார். இரண்டும் பொருந்தவில்லை. போகப் பயந்தது தான் ஒருவன்தான்.

தை மாதத்து முதல் புதன் வந்தது. பாலத்தடியில் முனாப் இயந்திரத்தை நிறுத்தப் போனான். "நிப்பாட்டாத" என்றார்.

வளைவுக்குள் நுழைந்தபோதே நாற்றம் மூக்கில் அடித்தது. கண்ணா மரங்கள் பாதிக்குமேல் இல்லை. மிஞ்சிய வேர்களில் பொலித்தீன் சிக்கிக் கிடந்தது. தண்ணீர் பச்சையாக, எண்ணெய்ப் படலத்தோடு அசையாமல் நின்றது. புதுப்படி வெள்ளைவெளேரென்று அந்தத் தண்ணீருக்குள் இறங்கியது. அருமைநாயகத்தால் அதில் கையை இறக்க முடியவில்லை. ஒருநாளும் தொடாத கழியை எடுத்து, நுனியில் போத்தலைச் செருகி, முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீருக்குள் விட்டார். ஒரு சொட்டும் அவர் மேல் படவில்லை. புஸ்பத்தின் பொட்டலத்தைப் பிரிக்கவும் இல்லை. அந்தத் தண்ணீரில் அதைப் போட மனம் வராமல், வழக்கம்போலப் பாலத்தடிக்கு வந்துதான் போட்டார்.

கிருமி எண்ணுவதற்கு இரண்டு நாள் பிடிக்கும். மூன்றாம் நாள் வதனி பதறிக்கொண்டு வந்தாள். "ஐந்தாம் போத்தல்ல ஏதோ பிழை நடந்திருக்கு அண்ணன். இது கிட்டத்தட்டக் கக்கூசுத் தண்ணி. மீனுக்கு மூச்சு விடவும் காத்தில்ல. நீங்க அலசிப்போட்டு எடுத்தீங்களா?"

"இதுதான் மிஸ் சரியான போத்தல். மற்றதெல்லாம் பிழை."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும் அவள் கோப்பைத் திறந்து, அவருடைய கையெழுத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்தாள்.

"பிள்ளைய இழந்த ஆளிட்ட நான் என்னத்தக் கதைக்கிற? ஆனா உங்கட எழுத்த நம்பித்தானே நான் கையெழுத்துப் போட்டன். வாற கிழமை முப்பது பிள்ளைகள் இறங்கியிருக்கும் அண்ணன்."

அன்றே நீச்சல் நிறுத்தப்பட்டது. விடுதியின் குழாயைத் தோண்டி எடுத்தார்கள். அருமைநாயகத்தை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். துறையில் இவ்வளவு காலமும் நையாண்டி பண்ணியவர்கள் இப்போது அவரைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். நையாண்டியே மேல் என்று அவருக்குத் தோன்றியது.

ஊரார் வாயால் கேட்பதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டும் என்று வீட்டுக்குப் போனார். புஸ்பம் குசினியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். தண்ணீர் கெட்டுப்போயிற்று என்றார். கெட்டது எப்போது என்றுகூடத் தனக்குத் தெரியாது என்றார்.

அவள் கை அரிசிக்குள்ளேயே நின்றது.

"ஏன் தெரியாது?"

"நான் போகல்ல புஸ்பம். பாலத்தோட நிண்டிருவன்."

"ஒரு மாதமுமா?"

"போன புதன்தான் முதல்முதல் போனது."

"கொக்கு நிண்டதெண்டீங்க."

"பாலத்தடியில நிண்டது."

"நான் கட்டித் தந்த பிட்டு?"

"அதும் பாலத்தடியிலதான்."

அவள் அழுவாள், தலையில் அடித்துக்கொள்வாள், தன் சட்டையைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்து நின்றார். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"தண்ணி ஊத்தை எண்டா என்ன? அவன் எந்த நாள் சுத்தமா நிண்டவன்? சேத்துக்குள்ள உருண்டு போட்டு வந்தாலும் நான் தூக்கித்தானே வச்சிருந்தன். மாதத்துக்கு ஒருக்கா அப்பா போய்ப் பாத்திட்டு வாறார், அவனும் பாத்துக்கொண்டு கிடப்பான் எண்டுதானே நான் இருந்தன். தண்ணி எப்படி எண்டு அதுக்குத்தானே கேட்டன். அஞ்சு வருசமா என்ட பிள்ளைய ஒருத்தரும் போய்ப் பாக்கல்லையா?"

ஐந்து வருசமாக அருமைநாயகம் காப்பாற்றி வந்தது அவளுடைய நிம்மதியை அல்ல. தன் பயத்தைத்தான். அது அந்த வாசல்நிலையில்தான் அவருக்கு உறைத்தது. அங்கேயே நிலத்தில் இருந்துவிட்டார்.

புஸ்பம் அதன் பிறகு அவரோடு பேசவில்லை. சோறு வைத்தாள், தேநீர் வைத்தாள். மாசி மாதத்து முதல் புதன் வந்தது. வேலை இல்லாத மனிதருக்கு அது வெறும் புதன்தான். ஆனால் காலையில் பிட்டு அவிகிற வாசம் வந்தது. குளித்து, வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு புஸ்பம் முன்னால் வந்து நின்றாள்.

"வெளிக்கிடுங்க. முனாப் தம்பிக்குச் சொல்லியனுப்பினன். துறையில நிக்கிறார்" என்றாள்.

மூவருமாகப் படகில் போனார்கள். பாலம் தலைக்கு மேலே கடந்து போனது. கண்ணாமுனையில் பலகையை மாற்றி எழுதியிருந்தார்கள். 'குளிக்க வேண்டாம்.' வெள்ளைப் படியில் ஒரு நாய் படுத்துக் கிடந்தது. குழாயை எடுத்த பிறகும் வளைவு அப்படியேதான் நாறியது. முனாப் இயந்திரத்தை நிறுத்தினான். ஆற்றுவாயை வெட்டித் திறந்துவிட்டால் கழுவிக்கொண்டு போய்விடும் என்று தாழ்ந்த குரலில் சொன்னான்.

தன் மகன் கிடக்கும் தண்ணீரைப் புஸ்பம் முதல்முதலாகப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு பொட்டலத்தை எடுத்துப் புருசனிடம் நீட்டினாள்.

"நீங்க போடுங்க. அவன் உங்களத்தான் பாத்துக்கொண்டிருந்திருப்பான்."

அருமைநாயகம் படகின் விளிம்பில் சாய்ந்தார். காலுக்கருகில் கழி கிடந்தது. அதை அவர் பார்க்கவில்லை. இலையை அவிழ்த்துப் பிட்டை உள்ளங்கையில் எடுத்து, முழங்கை நனையும்வரை கையை இறக்கினார். அந்தக் கண்ணா வேர்களுக்குள் யார் யாருடைய பிள்ளைகளையோ எடுத்த கை. பதினோராம் நாளுக்குப் பிறகு இன்றைக்குத்தான் அந்தத் தண்ணீர் அதில் பட்டது. விரல்களைத் திறந்தார். பிட்டு கலைந்து கீழே போனது. கையை எடுக்கவில்லை. "மனே" என்றார். குலுங்கிக் குலுங்கி அழுதார். படகு கூடவே ஆடியது.

அழுகை ஓயும்வரை புஸ்பம் காத்திருந்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவளுடைய பழைய கேள்வி வந்தது.

"தண்ணி எப்படி?"

"ஊத்தை புஸ்பம். வெதுவெதுவெண்டு கிடக்கு. நாறுது. ஒரு மீனும் இல்ல."

"ம்" என்றாள் அவள். தன் கையையும் அவர் கைக்குப் பக்கத்தில் இறக்கினாள். "அடுத்த மாதமும் வந்து பாப்பம்."